என்ஜினீயர் என்ற பெயரும் அதற்குரிய பொறுப்பும்

திருவனந்தபுரம் நகரின் வடபகுதியில், தேசிய நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் ஊர் கழக்கூட்டம். தனிப் பஞ்சாயத்தாக இருந்துவந்த இவ்வூர் 2010-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இன்று இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்காவாகும். 1990-இல் தோற்றுவிக்கப்பட்ட இது, இவ்வகையில் இந்தியாவில் அமைந்த முதலாவது பூங்கா. ஊருக்கு மேற்கே கடற்கரையோரம் தும்பா உள்ளது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு அங்கிருந்தே விண்ணில் ஏறியது. தெற்கே ஸ்ரீகார்யத்தை அடுத்து, 1939-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் பொறியியற் கல்லூரி இயங்குகிறது. கழக்கூட்டத்திலேயே பெண்களுக்கான அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் உண்டு.

இவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் தொழில்நுட்பப் பணியாளரின் தகுதியை அளப்பதற்கு நான்கு வெவ்வேறு முறைகள் வழங்கி வருகின்றன. ஓரிடத்தில் ஒருவர் என்ஜினீயர் ஆவதற்கு நிறுவனத்தின் நியமன உத்தரவே போதும். மற்றோரிடத்தில் திறமைப் பரிசீலனை வேண்டும். வேறோரிடத்தில் அரசாங்கப் பதிவேட்டில் எண் வேண்டும். ஒரு கட்டிடமோ மின்னமைப்போ பழுதுபடும்போது, "இதற்கு யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு விடை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தவை. ஆகவே, என்ஜினீயர்களின் பதிவையும் தரங்களையும் பட்டப்பெயர்களையும் சீர்திருத்துவது பற்றி நம் நாட்டில் நடந்துவரும் ஆலோசனைகளை விளங்கிக்கொள்ள, இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

ஓர் ஊரில் நான்கு முறைகள்

முதலாவது, டெக்னோபார்க்கில் காணப்படும் முறை. அங்குள்ள நிறுவனங்களில் 'சாஃப்ட்வேர் என்ஜினீயர்', 'சீனியர் என்ஜினீயர்' முதலிய பதவிப் பெயர்கள் வழங்குகின்றன. இவற்றை நிர்ணயிப்பது அந்தந்த நிறுவனமே. கணிதம் பயின்றவரும், பௌதிகம் பயின்றவரும், பொறியியற் பட்டதாரியும் ஒரே பதவிப் பெயரைப் பெறலாம். ஒரு நிறுவனத்தில் 'சீனியர்' எனப்படுபவர் மற்றொன்றில் அவ்வாறு கருதப்பட வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் நிலவும் முறை. அங்குப் பட்டதாரிகள் 'விஞ்ஞானி/என்ஜினீயர்' என்னும் பொதுப் பெயருடன், எழுத்துக் குறிகளால் வேறுபடுத்தப்பட்ட தரங்களில் பணியாற்றுகின்றனர். டிப்ளமா பெற்றோர் 'டெக்னிகல் அசிஸ்டென்ட்' என்றும், தொழிற்பயிற்சி பெற்றோர் 'டெக்னீஷியன்' என்றும் சேர்கின்றனர். பதவி உயர்வுக்கு மேலிடத்தில் காலியிடம் உண்டாக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. செய்த வேலையைப் பரிசீலித்தே உயர்வு அளிக்கப்படுகிறது. இது சிறந்த முறைதான். ஆயினும் அத்தரம் அந்த ஸ்தாபனத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

மூன்றாவது, கட்டிட அனுமதி வழங்கும் முறை. கேரளத்தின் கட்டிட விதிகள் ஆர்க்கிடெக்ட், என்ஜினீயர், நகரமைப்பாளர், மேற்பார்வையாளர் முதலிய வகையினரைப் பதிவு செய்துகொள்ள இடமளிக்கின்றன. என்ஜினீயர், மேற்பார்வையாளர் ஆகிய வகைகளில் ஏ, பி என்னும் தரங்களும் உள்ளன. 1999-ஆம் ஆண்டு நகராட்சிக் கட்டிட விதிகளில் இடம்பெற்ற இவ்வேற்பாடு, 2019-ஆம் ஆண்டுப் புதிய விதிகளிலும் தொடர்ந்தது. கழக்கூட்டத்தில் வீடு கட்ட விரும்பும் ஒருவர், தக்க தரத்தில் பதிவுபெற்றவர் ஒருவரின் கையெழுத்துடன் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, மின்சார வேலைக்குரிய முறை. வயர்மேன் பெர்மிட், சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ், காண்டிராக்டர் லைசென்ஸ் ஆகியவற்றைக் கேரள மாநில மின்சார லைசென்ஸ் வாரியம் வழங்குகிறது. லைசென்ஸ் பெற்ற காண்டிராக்டரைக் கொண்டு, சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பிலேயே மின்னமைப்பு வேலை நடைபெற வேண்டும் என்ற கோட்பாடு 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே காணப்படுகிறது.

இந்நான்கினையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வயர்மேனுக்கும் மேற்பார்வையாளருக்கும் மாநில அளவில் தெளிவான பதிவு இருக்கிறது. அவர்களுக்கு மேல் நின்று திட்டமிடும் என்ஜினீயருக்கோ, எல்லாத் துறைகளையும் தழுவிய, நாடு முழுவதும் செல்லத்தக்க சட்டப்பூர்வமான பதிவு எதுவும் ஏற்படவில்லை.

கையெழுத்தின் பொருள்

தொழிற்பதிவு என்பது கௌரவத்தின் பொருட்டு ஏற்பட்டதன்று. அதன் வரலாறு வயல்வெளியில் தொடங்கியது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பாசன நீருக்கு உரிமை கோருவோர், மனுவுடன் நில அளவை வரைபடங்களையும் இணைக்க வேண்டியிருந்தது. அவ்வரைபடங்களில் வக்கீல்களும் நோட்டரிகளும் பிறரும் தம்மை என்ஜினீயர் என்றும் சர்வேயர் என்றும் குறித்துக் கையெழுத்திட்டிருந்ததை மாநில என்ஜினீயரான கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் கண்டார். பிழையான படத்தை நம்பி நீர் ஒதுக்கினால் ஒருவருடைய வயல் காயும். மற்றொருவருடைய வயல் மூழ்கும். அவருடைய முயற்சியால் 1907-இல் அம்மாநிலம் என்ஜினீயர்களைப் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றியது. அமெரிக்காவில் இதுவே முதலாவது சட்டம்.

டெக்சாஸ் மாநிலத்தில் இதே சட்டம் பெருந்துயரத்தின் பின் வந்தது. 1937 மார்ச் 18-ஆம் நாள் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், குழாய்களிலிருந்து கசிந்த எரிவாயு தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மாணவர்கள். அவ்வாண்டிலேயே அம்மாநிலத்தில் என்ஜினீயர் பதிவுச் சட்டம் நிறைவேறியது.

நம் நாட்டிலும் இத்தகைய அனுபவங்கள் உண்டு. 2001 ஜனவரி 26-ஆம் நாள் நிகழ்ந்த குஜராத் பூகம்பத்தில், பூகம்ப மையத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள அகமதாபாதிலும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் பல இடிந்து விழுந்தன. அதன்பின் கட்டமைப்பு என்ஜினீயர்களின் தகுதி பற்றிய பேச்சு வலுப்பெற்றது. குஜராத் மாநிலம் 2006-இல் சிவில் என்ஜினீயர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், கட்டமைப்பு என்ஜினீயர், மண்ணியல் தொழில்நுட்ப என்ஜினீயர், கட்டுமான என்ஜினீயர், தரத் தணிக்கையாளர் என்று பொறுப்புகளைப் பகுத்து, ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு பெற வகை செய்துள்ளன. அஸ்திவாரத்துக்கு மண்ணைச் சோதித்தவர் யார், தூண்களின் கம்பிக் கணக்கைப் போட்டவர் யார், வேலையிடத்தில் கான்கிரீட்டு வார்ப்பைக் கண்காணித்தவர் யார் என்பவை தனித்தனிக் கேள்விகள். அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் விடையாதல் வேண்டும்.

கேரளத்தில் இக்கேள்வியின் அவசரம் மேலும் கூடியுள்ளது. 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட, அபாயம் குறைந்த வகையைச் சேர்ந்த கட்டிடங்களுக்குச் சொந்தக்காரரும் அங்கீகாரம் பெற்ற லைசென்ஸ்தாரரும் அளிக்கும் சுய சான்றின்மீதே அனுமதி வழங்க 2021-இல் வழி செய்யப்பட்டது. இதனால் மக்களுக்குக் காலதாமதம் குறைகிறது. ஆனால் முன்பு அலுவலகம் சரிபார்த்த பல விவரங்களுக்கு இப்பொழுது லைசென்ஸ்தாரரின் கையெழுத்தே சான்றாகிறது. கையெழுத்தின் சுமை ஏறும்போது, அதை இடுபவரின் தகுதியைப் பற்றிய பதிவும் அதற்கேற்ப உறுதிபெற வேண்டும்.

சங்கமும் சட்டமும்

டாக்டர்கள், வக்கீல்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், மருந்தாளர்கள், ஆர்க்கிடெக்டுகள் ஆகியோருக்கு இந்தியாவில் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. பார்மஸிச் சட்டம் 1948-லும், சார்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டம் 1949-லும், வக்கீல்கள் சட்டம் 1961-லும், ஆர்க்கிடெக்டுகள் சட்டம் 1972-லும் வந்தன. என்ஜினீயர்களுக்கோ இப்பணியை நெடுங்காலமாக ஒரு சங்கமே செய்துவந்துள்ளது.

இந்திய என்ஜினீயர்கள் சங்கம் 1920 செப்டம்பர் 13-ஆம் நாள் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியக் கைத்தொழில் கமிஷனுக்குத் தலைமை வகித்த ஸர் தாமஸ் ஹாலண்டு இதன் முதல் தலைவர். 1935-இல் இச்சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அச்சாசனத்தின் வழியாகவே, அதன் உறுப்பினர்கள் 'சார்டர்ட் என்ஜினீயர்' என்னும் பட்டப்பெயரைச் சூடிக்கொள்ளும் உரிமை பெற்றனர்.

இப்பெயர் மதிப்புடையது. இயந்திரங்களின் மதிப்பீடு, ஏற்றுமதி இறக்குமதிச் சான்று முதலிய பல காரியங்களில் சார்டர்ட் என்ஜினீயரின் சான்றிதழ் கோரப்படுகிறது. எனினும் இது சங்கத்தின் உறுப்பினர் நிலையிலிருந்து பிறக்கும் பெயர். சங்கத்தில் சேராதவர் என்ஜினீயராகப் பணி செய்வதை இது தடுக்காது. சங்கத்திலிருந்து ஒருவர் நீக்கப்பட்டாலும் அவர் தொழிலைத் தொடர்வதற்குச் சட்டத்தடை ஏதுமில்லை.

இக்குறையை நீக்கப் பல முயற்சிகள் நடந்தன. 2002-இல் பல்வேறு தொழிற்சங்கங்களை ஒருங்கிணைத்து இந்தியப் பொறியியல் மன்றம் அமைக்கப்பட்டது. மசோதாக்கள் வரையப்பட்டன, ஆனால் அவை சட்டமாகவில்லை. 2025-இல் 'தொழில்முறை என்ஜினீயர்கள் மசோதா' என்ற பெயரில் ஒரு வரைவு பொதுமக்களின் கருத்தறியும் பொருட்டு வெளியிடப்பட்டது. தேசிய அளவில் ஒரு மன்றத்தை நிறுவி, அதன் வாயிலாக என்ஜினீயர்களைப் பதிவு செய்வது அவ்வரைவின் நோக்கம். வரைவு சட்டமாக வேண்டுமெனில் பாராளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. அதற்குமுன் ஆராய்ந்து தெளிய வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

பெயரைக் காப்பதா? பணியைக் காப்பதா?

முதற் கேள்வி, சட்டம் எதைக் காக்க வேண்டும் என்பது. இதற்கு இருவழிகள் உண்டு. ஒரு பட்டப்பெயரைத் தகுதியற்றவர் சூடக்கூடாது என்று விதிப்பது ஒரு வழி. ஒரு குறிப்பிட்ட வேலையைத் தகுதியற்றவர் செய்யவே கூடாது என்று விதிப்பது மற்றொரு வழி. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் பலனில் பெரிதும் வேறுபடுவன.

இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17-ஆம் நாள் வழங்கிய ஒரு தீர்ப்பு நன்கு விளக்குகிறது. உத்தரப் பிரதேசத்தின் நொய்டா வளர்ச்சி ஆணையத்தில், ஆர்க்கிடெக்டாகப் பதிவு பெறாதவரை 'அசோசியேட் ஆர்க்கிடெக்ட்' பதவிக்கு உயர்த்தலாமா என்பது வழக்கு. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பெயரைத்தான் காக்கிறது. அத்தொழிலைச் செய்வதைப் பதிவு பெற்றோருக்கு மட்டும் உரியதாக ஒதுக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே பதிவில்லாதவர் அவ்வேலையைச் செய்யலாம். ஆனால் ஆர்க்கிடெக்ட் என்ற சொல் அடங்கிய பதவிப் பெயரை அவருக்கு அளிக்கலாகாது. ஆணையம் விரும்பினால் பதவியின் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பது இத்தீர்ப்பிலிருந்து பெறப்படும் முடிவு. வேலை அதுவே, பெயர் மட்டும் வேறு! பெயரை மட்டும் காக்கும் சட்டத்தின் எல்லையை இது தெளிவாக்குகிறது.

மறுபுறம், வேலை முழுவதையும் ஒதுக்கிவைப்பதிலும் இடர் உண்டு. பொறியியல் என்பது பாலம் கட்டுவது முதல் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது வரை விரிந்த துறை. எல்லா வேலைகளுக்கும் பதிவு கட்டாயம் என்று விதித்தால், அனுபவத்தால் திறமை பெற்ற பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தகுதியற்றவராகி விடுவர். எனவே உலகின் பல நாடுகள் நடுவழியை நாடியுள்ளன. மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் நேரே தொடர்புடைய வேலைகளை மட்டும் பதிவு பெற்றோருக்கு ஒதுக்குவதும், ஏனையவற்றில் தகுதியை அறிவிக்கும் பட்டப்பெயர்களை மட்டும் காப்பதும் அந்நடுவழியாகும்.

எத்தனை படிகள்?

அடுத்த கேள்வி, பதிவில் எத்தனை தரங்கள் இருக்க வேண்டும் என்பது. பிரிட்டனில் 1980-இல் ஃபின்னிஸ்டன் குழு என்ஜினீயர் தொழிலைப் பற்றி விரிவான அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து 1981-இல் பொறியியல் கவுன்சில் அரச சாசனத்தின்கீழ் நிறுவப்பட்டது. அக்கவுன்சிலின் பதிவேட்டில் சார்டர்ட் என்ஜினீயர், இன்கார்ப்பரேட்டட் என்ஜினீயர், என்ஜினீயரிங் டெக்னீஷியன், தகவல் தொழில்நுட்ப டெக்னீஷியன் என நான்கு பிரிவுகள் உள்ளன. பிரிட்டனில் 'என்ஜினீயர்' என்ற தனிச்சொல்லை எவரும் பயன்படுத்தலாம். மேற்கூறிய முழுப் பட்டப்பெயர்களை மட்டும் பதிவின்றிச் சூட முடியாது.

அம்முறையில் குறிப்பிடத்தக்கது, தரத்தை நிர்ணயிக்கும் அளவுகோலாகும். பட்டம் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. அறிவு, அதைப் பிரச்சினைகளில் பயன்படுத்தும் ஆற்றல், பொறுப்பேற்று நடத்தும் திறன், பிறருடன் கருத்துப் பரிமாறும் திறன், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் சோதிக்கப்படுகின்றன. ஆயினும் அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. இரண்டாம் படியிலுள்ள இன்கார்ப்பரேட்டட் என்ஜினீயர் என்ற பெயர் பொதுமக்களுக்கு எதையும் விளக்குவதில்லை. முன்னர் இதன் பெயர் 'டெக்னீஷியன் என்ஜினீயர்' என்றிருந்தது, பின்னர் மாற்றப்பட்டது. பெயரை மாற்றினாலும், முதற்படிக்கு எட்டாதவர் நிற்கும் இடமே இது என்ற எண்ணம் எளிதில் மறையவில்லை. படிகளை வகுக்கும்போது ஒவ்வொரு படிக்கும் தனக்கென்று ஒரு வேலையும் மதிப்பும் இருத்தல் வேண்டும் என்பது இதனின்று கிடைக்கும் பாடம்.

தமிழர் பலர் பணிபுரியும் மலேசியாவின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. 1967-ஆம் ஆண்டு என்ஜினீயர் பதிவுச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது, தொழில்முறை என்ஜினீயர் என்ற தரத்துக்கும், 'தொழிற்சான்று பெற்ற தொழில்முறை என்ஜினீயர்' என்ற தரத்துக்கும் இடையே வேறுபாடு காட்டப்பட்டது. அதிகாரிகளிடம் வரைபடங்களைச் சமர்ப்பித்துப் பொறுப்பேற்கும் உரிமை தொழிற்சான்று பெற்றவருக்கே உண்டு. புதிய பட்டதாரி, பொறியியல் தொழில்நுட்பவியலாளர், வேலையிடத்தைக் கண்காணிக்கும் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ்' ஆகியோரும் அதே சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகின்றனர். இலங்கையும் 2017-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சட்டத்தின்மூலம் பொறியியல் கவுன்சிலை அமைத்து, சார்டர்ட் என்ஜினீயர் முதல் டெக்னீஷியன் வரையுள்ள பல வகையினரையும் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவந்தது. படித்தவர், பயின்றவர், கண்காணிப்பவர் யாவரும் ஒரே பதிவேட்டின் வெவ்வேறு பக்கங்களில் இடம்பெறுவது இவற்றின் சிறப்பு.

ஓவர்சீயரின் ஏணி

படிகள் இருந்தால் போதாது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற வழியும் இருக்க வேண்டும். களத்திலுள்ள ஓவர்சீயருக்கும், டிராஃப்ட்ஸ்மேனுக்கும், சப்-என்ஜினீயருக்கும் இதுவே முதன்மையான கவலை.

பல்லாண்டுகளாக இவ்வழியைத் திறந்து வைத்திருந்தது, இந்திய என்ஜினீயர்கள் சங்கம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. பகலில் அணைக்கட்டிலும் சாலைப் பணியிலும் உழைத்து, இரவில் விளக்கொளியில் படித்து, 'ஏ' பிரிவையும் 'பி' பிரிவையும் தேறியவர்கள் அரசாங்க வேலைகளில் பட்டதாரிக்குச் சமமாகக் கருதப்பட்டனர். இராணுவத்திலும் ரயில்வேயிலும் பொதுமராமத்து இலாகாவிலும் இத்தேர்வால் உயர்ந்தோர் ஏராளம். ஆனால் மத்திய அரசாங்கம் 2012-இல் பிறப்பித்த உத்தரவின்படி, 2013 மே 31-ஆம் நாள் வரை சேர்ந்தவர்களுக்கே இச்சமநிலை நீடித்தது. தகுதியின் தரத்தைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் அதற்குக் காரணமாயிருக்கலாம். எனினும் வேலையை விடாமல் மேற்படிப்பை முடிக்க விரும்பும் எளிய ஊழியருக்கு ஓர் ஏணி எடுக்கப்பட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

அனுபவத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதும் இதனுடன் சேர்ந்த கேள்வி. புதுச்சேரிப் பொதுமராமத்து இலாகாவில் உதவி என்ஜினீயர் பதவி உயர்வுக்கு, பட்டம் பெற்ற செக்ஷன் ஆபீசருக்கு 3 ஆண்டுச் சேவையும், டிப்ளமா பெற்றவருக்கு 6 ஆண்டுச் சேவையும் தேவையென்று விதி இருந்தது. டிப்ளமாவுடன் சேர்ந்து, பணியிலிருந்துகொண்டே பட்டம் பெற்றவருக்கு அந்த 3 ஆண்டுகளை எந்நாளிலிருந்து எண்ணுவது? பட்டம் பெற்ற நாளிலிருந்து எண்ணுவதே அந்த இலாகாவில் நெடுங்காலம் நிலவிய வழக்கம் என்பதை ஏற்று, 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியின் வாசகம் தெளிவாக இருந்திருப்பின் இவ்வழக்கு எழுந்திராது. பட்டத்துக்கு முன் செய்த வேலை அனுபவமாகுமா, ஆகாதா என்பதைப் பதிவுச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

புதிய துறைகளின் நிலை

டெக்னோபார்க்கின் 'சாஃப்ட்வேர் என்ஜினீயர்' இப்பதிவில் எங்கே இடம்பெறுவார் என்பது எளிதில் தீராத கேள்வி. அமெரிக்காவில் 2013-இல் சாஃப்ட்வேர் துறைக்கும் தொழில்முறை என்ஜினீயர் தேர்வு தொடங்கப்பட்டது. எழுத வந்தவர்கள் மிகச் சிலரே. 2019-க்குப் பின் அத்தேர்வு கைவிடப்பட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 'என்ஜினீயர்' என்னும் பெயர் சட்டக் காவலுடையது. அங்குச் சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே எழுந்த தகராறின் பின், 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, 'சாஃப்ட்வேர் என்ஜினீயர்' என்ற பெயரை மற்றவரும் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது.

இதிலிருந்து, சாஃப்ட்வேருக்குப் பொறுப்பே தேவையில்லை என்று முடிவு கட்டலாகாது. ஆஸ்பத்திரிக் கருவியையும், ரயில் சிக்னலையும், மின் விநியோகத்தையும் இயக்கும் நிரலில் பிழை நேர்ந்தால், தூணில் கம்பி குறைந்ததற்கு ஒப்பான ஆபத்து விளையும். கடைக் கணக்கை எழுதும் நிரலுக்கோ அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. ஆகவே இங்கும் பெயரைக் காட்டிலும், வேலையால் விளையக்கூடிய அபாயமே பதிவுக்கு அடிப்படையாதல் நலம்.

சீர்திருத்தத்தின் உறுப்புகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், நல்லதொரு பதிவு முறைக்கு வேண்டிய உறுப்புகள் ஐந்து எனலாம்.

(1) ஒவ்வொரு தரமும், அதனை உடையவர் எவ்வேலைக்குக் கையெழுத்திடலாம் என்பதைக் குறிப்பிட வேண்டும். கல்வித் தகுதியை மட்டும் குறிப்பது போதாது.

(2) என்ஜினீயர், தொழில்நுட்பவியலாளர், டெக்னீஷியன் ஆகிய யாவரும் ஒரே பதிவேட்டில் இடம்பெற வேண்டும். ஒரு தரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற, அனுபவத்தையும் தேர்வையும் சேர்த்து மதிப்பிடும் வழி வேண்டும்.

(3) பதிவு குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். பூகம்பத் தடுப்பு விதிகளும் மின் பாதுகாப்பு விதிகளும் காலந்தோறும் திருத்தப்படுகின்றன. பட்டம் பெற்ற நாளில் கற்றது ஆயுள் முழுவதற்கும் போதாது.

(4) பதிவேடு பொதுமக்கள் எளிதில் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். தவறிழைத்தவரை விசாரித்து, பதிவை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அதிகாரமுள்ள குழு வேண்டும். நீக்கல் இல்லாத பதிவு வெறும் பெயர்ப் பட்டியலாகும்.

(5) ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு மற்றொரு மாநிலத்திலும் செல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பதிவு பெற்றவர் எல்லை கடந்து திருவனந்தபுரத்தில் பணி செய்யப் புதிதாகத் தொடங்கும் நிலை நீங்க வேண்டும்.

நாடு கடந்த ஏற்பும் இதனால் எளிதாகும். பொறியியற் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989-இல் தோன்றியது. இந்தியா 2014 ஜூனில் நிரந்தர உறுப்பு நாடாயிற்று. தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே இது பொருந்தும். கல்வியின் தரம் இவ்வாறு உலக அளவில் ஏற்கப்படும்போது, கல்விக்குப் பின் வரும் தொழிற்பதிவும் அதற்கு ஈடாக அமைவது அவசியம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

சட்டம் வரும்வரை காத்திராமல், இன்றைய விதிகளின்கீழேயே செய்யக்கூடியவை பல. வரைபடத்திலோ சான்றிதழிலோ முத்திரையைக் காணும் களப்பணியாளர் நான்கு விவரங்களைப் பார்க்கப் பழகவேண்டும்: பெயரும் பதிவு எண்ணும், எந்தத் தரம், எந்நாள் வரை செல்லும், அக்கட்டிடத்தின் அளவுக்கோ அம்மின்னமைப்பின் அழுத்தத்துக்கோ அத்தரம் போதுமானதா என்பது. நான்கில் ஒன்று குறைந்தாலும் கேட்பது அவர் உரிமை; கடமையும் ஆகும். தாம் செய்த வேலைகளை நாள், இடம், அளவு, வகித்த பொறுப்பு ஆகிய விவரங்களுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மேலதிகாரியின் சான்றொப்பம் பெற்று வைப்பதும் நன்று. எந்தப் பதிவு முறை வந்தாலும் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்கப்படும்; அன்றைக்கு அக்குறிப்பேடு கைகொடுக்கும்.

ஆசிரியர்கள், பத்தாம் வகுப்பு முடித்த மாணவரிடம் "என்ஜினீயர் ஆகலாம்" என்று மட்டும் சொல்வதைவிட, தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், பொறியியற் கல்லூரி என்னும் மூன்று வாயில்களையும் எடுத்துரைப்பது பயன் தரும். டிப்ளமா முடித்தவர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு என்பதையும், சேர விரும்பும் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சேருமுன் அறிய வேண்டும் என்பதையும் அவர்கள் வலியுறுத்த வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, அனுமதியின்றித் தபால் மூலம் நடத்திய பொறியியற் படிப்புகளைப் பற்றி 2017 நவம்பர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால், அப்படிப்புகளில் பட்டம் பெற்றுப் பணியிலிருந்த பலரும் அல்லலுற்றதை இங்கு நினைவு கூரலாம். பட்டத்தாள் கையிலிருந்தும் தகுதி கேள்விக்குள்ளான அந்நிலை இளைஞர்களுக்கு மீண்டும் நேரக்கூடாது.

கழக்கூட்டத்தில் எழும் புதிய வீட்டின் கம்பியை வளைப்பவரும், அதற்கு மின்கம்பி இழுப்பவரும், அதன் படத்தில் கையெழுத்திடுபவரும் ஒரே வேலையின் உறுப்புகள். ஒவ்வொருவருடைய பெயரும் அவரவர் ஏற்கும் பொறுப்பை ஐயமறக் காட்டுமானால், அவ்வீட்டில் குடியேறுவோர் அச்சமின்றி உறங்கலாம். பதிவுச் சீர்திருத்தத்தின் பயனை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.